திரும்பி நின்ற டிஷ்

ஆஸ்பத்திரித் துணியறையில் அவளுக்கு ரசமட்டம் என்று பட்டம். கொத்தனார் சுவர் எழுப்பும்போது மேலே வைத்து, உள்ளே இருக்கும் நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அந்தக் கருவிதான். கிழிந்த படுக்கை விரிப்பை அவள் தைத்து மடித்தால் ஓரத்தின் மேல் ஓரம் ஒட்டி உட்காரும். அலமாரியில் ஒரே ஒரு தலையணை உறை துருத்திக்கொண்டிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பட்டம் வைத்தவர் லிப்ட் ஓட்டுகிறவர். ஒரு நாள் லிப்ட் தரையோடு சமமாக நிற்காமல் கொஞ்சம் கீழே நின்றுவிட, துணி வண்டியை வெளியே உருட்ட முடியாமல் அவள் போட்ட சண்டையில் பிறந்த பட்டம் அது. நாளடைவில் டாக்டர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். அவள் அதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பெருமை இரண்டு. ஒன்று இந்தக் கை. மற்றது தம்பி.

அம்மா போனபோது தம்பி பேசவே பழகவில்லை. அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அவனுக்குப் பேச்சு வந்தபோது வெள்ளமாய் வந்தது. பள்ளிவிட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் அன்றைய கதையெல்லாம் ஆரம்பிப்பான். அவள் மிஷினை நிறுத்தாமலே கேட்பாள்: "முதல்ல சாப்பிட்டியா? சாப்பிடு. அப்புறம் கதை சொல்லு." அந்தக் கதைகளில் பொய் கலந்தால் அவனுடைய கை தானாக இடது காதுமடலுக்குப் போய்விடும். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் பொய் சொல்லுவான். இது அவனுக்கே தெரியாது. அவளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

படித்தான், வெளிநாடு போனான். முதலில் வாராவாரம் போன் வந்தது. அப்புறம் நினைத்தபோது வந்தது. கல்யாணம் ஆன சேதி, ஆன பிறகு வந்தது. அதன் பின் அந்த நம்பரை அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னது. யார் கேட்டாலும் அவள், "பெரிய வேலை. மூச்சு விட நேரம் கிடையாது" என்பாள். அவன் கோட்டுப் போட்டு எடுத்துக்கொண்ட ஒரு படத்தைத் துணியறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். கதவைத் திறந்தால் அவன், மூடினால் துணி.

அந்தப் படத்தைத்தான் ஒருநாள் ஒரு பெண் பார்த்தாள். வெளிநாட்டிலிருந்து நோயாளித் தாயைப் பார்க்க வந்தவள், இன்னொரு கம்பளி கேட்டுத் துணியறைக்கு வந்திருந்தாள்.

"இவரா? இவர் எங்க ஊர் டிவில வருவாரே. ஜனங்க போன் பண்ணி அவங்க கஷ்டத்தைச் சொல்லுவாங்க, இவர் ஆறுதல் சொல்லுவார். அழுதுக்கிட்டே பேச ஆரம்பிக்கறவங்களைச் சிரிக்க வச்சுத்தான் விடுவார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி" என்றாள் ரசமட்டம். சொல்லும்போது கையிலிருந்த கம்பளியை மறுபடி ஒரு தடவை மடித்தாள், அது ஏற்கெனவே ஒழுங்காக மடித்துத்தான் இருந்தது.

அந்தச் சேனல் இங்கே கேபிளில் வராது, சொந்தமாக டிஷ் வைத்தால் வரும், அதற்குச் சந்தாகூட வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் சலவை மெஷின் ஓட்டுகிறவள், ஈரத் துணியை அள்ளிக்கொண்டே, பக்கத்தில் நின்றவளிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "டிவில வர்ற தம்பி இருக்கறவ இங்க வந்து மூத்திரத் துணி மடிக்கறாளாம்."

ரசமட்டத்துக்கு அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னது. கைப்பேசியில் படம் பார்க்கிற காலம் அப்போது வரவில்லை. ஆக, தம்பி முகத்தைப் பார்க்கவும், சலவை மெஷின்காரி வாயை மூடவும் இருந்தது ஒரே வழி.

டிஷ் கடைக்காரர் சேனல் பெயரைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தச் சேட்டிலைட்டை இந்தப் பக்கம் யாரும் பிடிக்கறதில்லம்மா. எங்க பசங்களுக்கு மத்தது கண்ணை மூடிக்கிட்டுப் பண்ண வரும். இது வராது. ஆளு அனுப்ப முடியாது."

"சாமானைக் கொடுங்க. எப்படின்னு சொல்லுங்க. நான் வச்சுக்கறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாமான்களை எடுத்து வைத்தார். ஒரு பெரிய தட்டு. தட்டுக்கு முன்னால் நீளும் ஒரு கம்பி, அதன் நுனியில் மூக்கு மாதிரி உட்காரும் சின்னப் பெட்டி. வானத்திலிருந்து வருவதைத் தட்டு வாங்கி அந்த மூக்குக்குத் தள்ளும், மூக்கு கேபிள் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ரிசீவருக்கு அனுப்பும், ரிசீவர் டிவிக்குக் கொடுக்கும். "அவ்வளவுதான் சங்கதி" என்றார். "ஆனா தட்டு ஒரு விரல் அகலம் தள்ளிப் பாத்தாலும் ஒண்ணும் வராது. பக்கத்துல போயிட்டோமே, கொஞ்சமாவது தெரியட்டும்னெல்லாம் அதுக்கு இரக்கம் கிடையாது."

இது ரசமட்டத்துக்குப் பிடித்திருந்தது. இரக்கம் காட்டாத வேலைதான் அவளுக்குச் சரிப்படும்.

அவள் குடியிருந்தது மொட்டைமாடி ஒட்டிய ஒற்றை அறை. கீழே வீட்டுக்காரம்மா. மாடியில் ஒரு ஆணி அடிக்கக்கூட அந்த அம்மாள் விடமாட்டாள், ஓட்டை போட்டால் கூரை ஒழுகும் என்பது அவளுடைய நம்பிக்கை. அதனால் ஒரு காலி பெயின்ட் டப்பாவில் தட்டை மாட்டும் குழாயை நட்டு, சிமென்ட் கலவையை ஊற்றி நிறுத்துவது என்று ஏற்பாடு. ஆஸ்பத்திரிக் கட்டட வேலைக்கு வந்த கொத்தனாரிடம் நிஜமான ரசமட்டத்தை இரவல் கேட்டாள். அவர், "உனக்கெதுக்கும்மா தனியா ஒண்ணு?" என்று சிரித்தபடி கொடுத்தார். கலவை இறுகும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றாள். குழாயின் நாலு பக்கமும் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் அசையாமல் நின்றது.

அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. தட்டை மாட்டி, கேபிள் இழுத்து, ரிசீவரைப் போட்டால், சிக்னல் இல்லை என்று திரையில் வந்தது. கடைக்காரர் சொன்ன திசையில் திருப்பினாள், அதன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். அறைக்குள் டிவி முன்னால் வீட்டுக்காரம்மாவை உட்கார வைத்து, ஜன்னல் வழியாகக் குரல் கொடுக்கச் சொல்லியிருந்தாள்.

"ஏதாவது வருதாங்கம்மா?"

"கறுப்பா வருது."

"கறுப்புன்னா ஒண்ணும் வரலைன்னு அர்த்தம்மா."

"அப்ப அதுதான் வருது."

கடைசியில் கேபிளைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் நுனியில் இருந்த கனெக்டரைத் திருகிப் பார்த்துவிட்டு, முதலில் புரியாமல் விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கேபிளுக்குள் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை உறை, அதற்கு வெளியே மெல்லிய வலைப் பின்னல். அந்தப் பின்னலைப் பின்பக்கமாக, வெளியே மடக்கிவிட வேண்டும். ரசமட்டம் என்ன செய்திருந்தாள் என்றால், பிசிறு பிசிறாக நின்ற அந்த இழைகளைக் கத்தரித்து, முறுக்கி, ஒன்று விடாமல் உள்பக்கமாகச் செருகியிருந்தாள். ஓரம் அடித்த துணி மாதிரி அழகாக இருந்தது. உள்ளே இழையெல்லாம் செம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

"தையல்காரம்மா, இது புடவை ஓரம் இல்ல. பிசிறு உள்ள போச்சுன்னா லைனே செத்துடும். வெளிய மடக்கணும். வெளிய இருந்தா அசிங்கமா இருக்கும், ஆனா படம் வரும்."

பிசிறை வெளியே விட்டுப் பழக்கமில்லாத கை. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே மடக்கினாள்.

"இன்னொண்ணு. தட்டை வானத்தைப் பாத்து மல்லாத்தி வச்சிருப்பீங்களே?"

"சேட்டிலைட் மேலதானே இருக்கு?"

"இந்தத் தட்டு அப்படி இல்லம்மா. பாத்தா எதிர்வீட்டுச் சுவரைப் பாக்கற மாதிரி நிக்கும். ஆனா அது வாங்கறது மேலேருந்து. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓரக்கண்ணால பாக்கறவன் இருக்கான் இல்ல, அந்த மாதிரி. அதோட முகத்தை நம்பாதீங்க."

வீடு வந்து தட்டை நிமிர்த்தினாள். எதிர்வீட்டுச் சுவரை முறைப்பதுபோல நிறுத்தி, திருகாணியைத் தளர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை நகம், அரை நகமாக நகர்த்தினாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா, "வந்துச்சு" என்றாள். உடனே, "போச்சு" என்றாள். "நீ ஏன் கையை எடுக்க மாட்டேங்கற? வந்துச்சு. அங்கேயே நில்லு. ஐயோ, போச்சு. திருப்பு, திருப்பு." கடைசியில் அந்த அம்மாள் சத்தமே போடவில்லை. என்ன ஆயிற்று என்று ரசமட்டம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரசமட்டம் திருகாணிகளை முறை வைத்து இறுக்கினாள். அப்புறம்தான் உள்ளே போனாள்.

அந்த வட்டாரத்து மாடிகளில் இருந்த டிஷ்ஷெல்லாம் ஒரு பக்கம் பார்க்க, அவளுடையது மட்டும் வேறு பக்கம் பார்த்து நின்றது. அந்த வழியாக வேலைக்குப் போகிற லிப்ட்காரர் மறுநாளே கேட்டார்: "ஏன் ரசமட்டம், உங்க டிஷ் மட்டும் யார்கிட்டக் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்குது?"

"அது அதோட ஆளைப் பாக்குது" என்றாள்.

ஆள் சாயங்காலம் வந்தான். உடம்பு பூசினாற்போல இருந்தது. நல்ல துணியில் கோட்டு, ஆனால் தோள் தையலில் லேசான சுருக்கம். தைத்தவனை அவள் மனதுக்குள் திட்டினாள். அவள் கண்ணில் நீர் கோத்தபோது வீட்டுக்காரம்மா, "உன் மூக்குதான்" என்று சொன்னாள். அது போதும் என்று இருந்தது ரசமட்டத்துக்கு.

அப்போது நிகழ்ச்சிக்கு முதல் போன் வந்தது. யாரோ ஒரு பெண் குரல், பேச முடியாமல் விக்கியது. தம்பி முன்னால் சாய்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொல்லுங்க அக்கா. அதுக்கு முன்னாடி, முதல்ல சாப்பிட்டீங்களா? சாப்பிடுங்க. அப்புறம் கதை சொல்லுங்க."

அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அடுத்த பெண்ணிடமும் அதையே கேட்டான். அதற்கடுத்த பெண்ணிடமும். பெண் என்றால் அக்கா, அக்கா என்றால் சாப்பிட்டீங்களா. அது அவனுடைய நிகழ்ச்சிக்கே அடையாளம் போலிருந்தது. எழுத்தாகப் போட்டு, சுற்றிலும் பூ வரைந்து, அவன் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள்.

வீட்டுக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன குணம், என்ன குணம்" என்றாள். "ஊர்ல இருக்கற அத்தனை பொம்பளைங்களையும் கூடப் பிறந்தவளா நினைக்கறானே."

"ஆமாம்மா" என்றாள் ரசமட்டம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கோ ஒரு இடத்தில் ஊசி ஏறின மாதிரி இருந்தது. தினமும் சாயங்காலம் அந்த இடத்திலேயே ஏறியது. உலகத்தில் யார் யாரோ சாப்பிட்டார்களா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

துணியறையில் அவள் சொல்லாமலே செய்தி பரவியது. வீட்டுக்காரம்மா இருக்கும்போது தனியாக ரேடியோ எதற்கு? சலவை மெஷின் ஓட்டுகிறவள் மட்டும் விடவில்லை.

"முகஜாடை இருந்தா தம்பியா? எனக்குக்கூட ஒரு மந்திரி ஜாடை இருக்கு. சரி, உன் தம்பிதான்னே வை. டிவிலதான் கீழ நம்பர் ஓடுதாமே, ஒரு போன் போடேன். நாங்களும் வந்து பாக்கறோம்."

"வேலை நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாது."

"ஊரே தொந்தரவு பண்ணுது. அக்கா பண்ணினா மட்டும் கசக்குமா?"

ரசமட்டம் துணியை மடித்தாள். அன்று மடித்த விரிப்பில் ஓரம் ஒத்துப்போகவில்லை. உதறி மறுபடி மடித்தாள். "ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள்.

அவள் மனதில் இருந்தது சின்ன ஆசைதான். அவனுடைய பழைய செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் அக்கா என்று சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்லும் அக்கா இல்லை, அவளுக்கே அவளுக்கென்று இருக்கும் அக்கா. ஒரு தடவை போதும். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு உறைக்காது.

ஞாயிற்றுக்கிழமை லிப்ட்காரர் வந்தார், சலவை மெஷின் ஓட்டுகிறவள் வந்தாள், வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் முன்னால் வந்து நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. படம் கண்ணாடியாய்த் தெரிந்தது. ரசமட்டம் தன் பட்டன் போனை எடுத்து அழுத்த ஆரம்பித்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எத்தனையோ தடவைக்குப் பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம். என்ன விஷயமா பேசணும்?"

"ஒரு... தம்பியைப் பத்தி."

"சரி, லைன்லேயே இருங்க. உங்க டிவி சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சுடுங்க. போன்ல பேசறது முதல்ல கேக்கும், டிவில கொஞ்சம் பின்னாடிதான் வரும். ரெண்டையும் கேட்டா குழம்பிடுவீங்க."

லிப்ட்காரர் சத்தத்தை நிறுத்தினார். அறையில் எல்லாரும் ஊமைப் படத்தைப் பார்த்தார்கள். தம்பி யாரிடமோ சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது போனில், அவள் காதுக்குள்ளேயே, அந்தக் குரல் வந்தது.

"சொல்லுங்க அக்கா. முதல்ல சாப்பிட்டீங்களா?"

தயாராக வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "சாப்பிட்டேன்" என்றாள். பிறகு, "டேய் சுண்டு. நான்தாண்டா" என்றாள்.

போனில் ஒன்றுமில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும், அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். பிறகு குரல் வந்தது, அதே தேனோடு, அதே தாழ்ந்த சுருதியில்.

"ஹலோ? ஹலோ அக்கா? நீங்க பேசறது கேக்கலையே. லைன் சரியில்லை போலிருக்கு. பரவாயில்லை, நாம அடுத்த நேயர்கிட்டப் போவோம்."

லைன் அறுந்துவிட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள்.

திரையில் அவன் அப்போதுதான் முன்னால் சாய்ந்தான். உதடு அசைந்தது, சாப்பிட்டீங்களா என்று. தலையை ஆட்டினான். பிறகு அசையாமல் நின்றுபோனான். அவளுடைய குரல் இப்போதுதான் அந்த முகத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. கண் அகன்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், பையைக் கழற்றாமல் வாசலில் நிற்கிற பையனின் முகம். அதன் பின் அவன் வலது பக்கம், காமிராவுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்தான். கை மெதுவாக மேலே போனது. இடது காதுமடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, உதட்டை அசைத்தான். ஹலோ. ஹலோ.

போனை மடியில் வைத்தாள்.

"என்னாச்சு?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"கேக்கலையாம்."

லிப்ட்காரர் ஜன்னல் பக்கம் எழுந்து போய், பளிச்சென்று இருந்த வானத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் மேகமா இருக்கும்" என்றார். "மேகம் வந்தா லைனெல்லாம் இப்படித்தான் இழுக்கும்."

"ஆமா" என்றாள் ரசமட்டம். "அந்தப் பக்கம் மேகம்."

சலவை மெஷின் ஓட்டுகிறவளிடமிருந்து ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. போகும்போது அவள் ரசமட்டத்தின் தோளைத் தொட்டு, "உன் தம்பிதான். சந்தேகமே இல்லை" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவள் எப்போதும்போல நக்கலடித்திருந்தால் தேவலை என்று இருந்தது ரசமட்டத்துக்கு.

வாரம் முழுக்க ரசமட்டம் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அலமாரிக் கதவைத் திறந்தால் அவன் இருந்தான், மூடினால் துணி இருந்தது. சனிக்கிழமை லிப்ட்டில் வைத்து லிப்ட்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நாளைக்கு இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமா? வேணும்னா நான் வர்றேன்."

"வேண்டாம். காத்துல டிஷ் திரும்பிடுச்சு. படமே வர்றதில்லை."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. இந்த வயதுவரைக்கும் தைக்காத துணியைத் தைத்தேன் என்று அவள் சொன்னதில்லை. ஓரம் கோணினால் பிரித்துத் தைப்பாளே தவிர, நேராக இருக்கிறது என்று சாதித்ததில்லை.

மாடிக்கு வந்தபோது அவளுடைய அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா மாற்றுச்சாவி போட்டுத் திறந்து, நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாருக்காகவோ கண் கலங்கிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வா, பாவம் ஒரு பொண்ணு, புருஷன் விட்டுட்டுப் போயிட்டானாம். உன் தம்பி என்னமா பேசறான் பாரு."

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரசமட்டம் அறைக்குள் போகாமல் டிஷ் பக்கம் போனாள். ஸ்பேனரை எடுத்தாள். திருகாணிகளை, இறுக்கின அதே முறையில், ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். தட்டைப் பிடித்துத் திருப்பினாள். ஒரு விரல் அகலம்தான்.

"போச்சு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ஏம்மா, போச்சு. இப்பத்தான் நல்ல கட்டம். காத்தா அடிக்குது?"

அவள் முதல் திருகாணியை இறுக்கினாள்.

"கறுப்பா வருது. கேக்குதா? இந்தப் பக்கம் திருப்பு. திருப்பு, திருப்பு."

இரண்டாவதை இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள், தட்டு அசையவில்லை. அடுத்ததற்கு ஸ்பேனரைப் போட்டாள்.